பெரிய ஸ்கூல் டிஸ்ட்ரிக்ட்: ரேட்டிங்கைத் தாண்டி எதைப் பார்ப்பது?

கேள்வி இதுதான்: அமெரிக்காவில் வேலை மாற்றலாகி, ஒன்றரை லட்சத்துக்கும் மேல் மாணவர்கள் படிக்கும் ஒரு கவுன்ட்டி ஸ்கூல் டிஸ்ட்ரிக்டுக்குள் (அந்தப் பகுதியின் அரசுப் பள்ளிகளையெல்லாம் நடத்தும் அமைப்பின் எல்லைக்குள்) வீடு தேடுகிறீர்கள். மூத்த பிள்ளை மூன்றாம் கிரேடு, இளையது கிண்டர்கார்ட்டன். பள்ளிகளுக்குப் பத்துக்கு இத்தனை என்று மதிப்பெண் போடும் ரேட்டிங் தளத்தில் அந்த டிஸ்ட்ரிக்டின் பள்ளிகள் 3 முதல் 9 வரை சிதறிக் கிடக்கின்றன. பக்கத்துச் சின்ன டிஸ்ட்ரிக்டில் எல்லாமே 8, 9. வீட்டு விலையும் அங்கே அதற்கேற்ப ஏறிக் கிடக்கிறது. பெரிய டிஸ்ட்ரிக்ட் தரமானதா இல்லையா, எப்படித் தெரிந்துகொள்வது?

முதலில் அளவு. நியூயார்க் நகரத்தில் 9 லட்சத்தை ஒட்டிய மாணவர்கள். லாஸ் ஏஞ்சலஸில் சுமார் 4 லட்சம், சிகாகோவில் 3 லட்சத்துக்கும் மேல். வர்ஜீனியாவின் ஃபேர்ஃபாக்ஸ், ஜார்ஜியாவின் க்வின்னெட் இரண்டிலும் ஏறத்தாழ 1.8 லட்சம், மேரிலாந்தின் மான்ட்கோமரியிலும் வட கரோலினாவின் வேக் கவுன்ட்டியிலும் 1.6 லட்சம் அளவில். இத்தனை பெரிய அமைப்புக்கு ஒரே தரம் என்று ஒன்று இருக்க முடியாது. இப்படிப்பட்ட டிஸ்ட்ரிக்டின் மேல்தட்டுப் பள்ளிக்கும் அடித்தட்டுப் பள்ளிக்கும் உள்ள தூரம், இரண்டு டிஸ்ட்ரிக்டுகளின் சராசரிகளுக்கு இடையிலான தூரத்தைவிடப் பெரும்பாலும் அதிகம். அதனால் உங்கள் கேள்வியை இரண்டாக உடைக்க வேண்டும். ஒன்று, இந்த டிஸ்ட்ரிக்டின் நிர்வாகம் தன் கையில் வரும் பிள்ளைகளை முன்னேற்றுகிறதா? இரண்டு, நீங்கள் வாங்கும் முகவரியிலிருந்து உங்கள் பிள்ளை போகும் எலிமென்டரி, மிடில், ஹை ஸ்கூல் மூன்றும் எப்படி? இரண்டுக்கும் தேட வேண்டிய இடங்கள் வேறு வேறு.

ரேட்டிங் எண் ஏன் ஏமாற்றுகிறது என்பதை ஒரு கற்பனைக் கணக்கில் பார்க்கலாம். பெரிய டிஸ்ட்ரிக்டில் 70 சதவீதம் பேர் குறைந்த வருமானக் குடும்பத்துப் பிள்ளைகள். அவர்களில் 45 சதவீதம் பேர் கணிதத்தில் தேறுகிறார்கள். மற்ற 30 சதவீதத்தில் 82 சதவீதம் பேர் தேறுகிறார்கள். மொத்தத் தேர்ச்சி 56. சின்ன டிஸ்ட்ரிக்டில் குறைந்த வருமானக் குடும்பங்கள் 20 சதவீதம்தான். அவர்களில் தேறுவது 36 சதவீதம், மற்றவர்களில் 76 சதவீதம். மொத்தம் 68. தளத்தில் பார்ப்பவருக்கு 68 பெரிது, 56 சின்னது. ஆனால் ஏழைப் பிள்ளையானாலும் வசதியான பிள்ளையானாலும் பெரிய டிஸ்ட்ரிக்டில்தான் நன்றாகப் படிக்கிறார்கள்! சராசரித் தேர்ச்சி பெருமளவுக்கு அங்கே யார் குடியிருக்கிறார்கள் என்பதைத்தான் அளக்கிறது. பள்ளி என்ன செய்தது என்பதற்கு வேறு அளவுகோல் வேண்டும்.

அந்த அளவுகோலின் பெயர் வளர்ச்சி, ஆங்கிலத்தில் சொல்லும் 'குரோத்'. போன வருடம் இதே நிலையில் இருந்த மற்ற பிள்ளைகளோடு ஒப்பிட்டால் இந்தப் பிள்ளை இந்த வருடம் எவ்வளவு ஏறியது என்று பார்ப்பது. பல மாநிலங்கள் இதை 'ஸ்டூடன்ட் குரோத் பெர்சென்டைல்' என்று கொடுக்கின்றன. ஒரு பள்ளியின் நடு மதிப்பு 50 என்றால் மாநிலத்தின் வழக்கமான வேகம். 60 இருந்தால் நல்ல வேகம், 40 என்றால் பிள்ளைகள் பின்தங்கிக்கொண்டிருக்கிறார்கள். மதிப்பெண் 9, வளர்ச்சி 40 என்ற சேர்க்கை வசதியான புறநகர்களில் அபூர்வமல்ல. வீட்டிலும் டியூஷனிலும் கற்றுக்கொண்டு வரும் பிள்ளைகளைப் பள்ளி அப்படியே வைத்திருக்கிறது என்று அதற்குப் பொருள். நம் குடும்பங்கள் அதிகம் குடியேறும் பகுதிகளில் இதைக் கூடுதலாகவே சந்தேகப்பட வேண்டும்.

டிஸ்ட்ரிக்ட் அளவில் இதைப் பார்க்க ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தின் கல்வித் தரவுக் களஞ்சியம் இலவசமாகக் கிடைக்கிறது. மாநிலத்துக்கு மாநிலம் வேறுபடும் மூன்றாம் கிரேடு முதல் எட்டாம் கிரேடு வரையிலான தேர்வு முடிவுகளை ஒரே தேசிய அளவுகோலுக்கு மாற்றி, சராசரி மதிப்பெண், ஆண்டுக்கு ஆண்டு கற்கும் வேகம், காலப்போக்கில் வந்த மாற்றம் என்று மூன்றாகப் பிரித்துக் காட்டுகிறார்கள். சராசரி மதிப்பெண் குடும்ப வருமானத்தோடு ஒட்டிக்கொண்டே போகிறது. கற்கும் வேகத்துக்கும் வருமானத்துக்கும் உள்ள தொடர்பு பலவீனமானது. இதற்குப் பேர்போன உதாரணம் சிகாகோ. 2009 முதல் 2014 வரையிலான தரவில், மூன்றாம் கிரேடிலிருந்து எட்டாம் கிரேடு வரையிலான ஐந்து ஆண்டுகளில் அந்நகரப் பிள்ளைகள் ஏறக்குறைய ஆறு ஆண்டுப் படிப்பின் அளவுக்கு முன்னேறியிருந்தார்கள். சராசரியை மட்டும் பார்த்தவர் அந்த டிஸ்ட்ரிக்டைத் தொட்டிருக்கவே மாட்டார்.

இனி மாநிலத்தின் ரிப்போர்ட் கார்டு, அதாவது பள்ளிகளின் முடிவுகளை மாநிலமே வெளியிடும் அறிக்கை. 2015-ஆம் ஆண்டின் 'எவ்ரி ஸ்டூடன்ட் சக்சீட்ஸ்' சட்டப்படி ஒவ்வொரு மாநிலமும் மூன்று முதல் எட்டாம் கிரேடு வரை ஆண்டுதோறும், ஹை ஸ்கூலில் ஒரு முறையாவது, ஆங்கிலத்துக்கும் கணிதத்துக்கும் தேர்வு வைத்து, பள்ளிவாரியாகவும் (வருமானம், இனம், மொழி போன்ற) பிரிவுவாரியாகவும் வெளியிட வேண்டும். தனியார் தளத்தை மூடிவிட்டு இதைத் திறங்கள். முதல் பக்கத்தில் உள்ள நட்சத்திரம், நிறம், ஏ முதல் எஃப் வரையிலான கிரேடு எதையும் பார்க்க வேண்டாம். நேராக உள்ளே போய், உங்கள் பிள்ளை எந்தப் பிரிவில் வருமோ அந்தப் பிரிவையும், அந்த டிஸ்ட்ரிக்டில் மிகவும் தடுமாறும் பிரிவையும் எடுங்கள். இரண்டாவது எதற்கு என்று கேட்கலாம். உங்கள் பிள்ளைக்கே நாளை வாசிப்பில் ஒரு சிக்கல் வந்தால் டிஸ்ட்ரிக்ட் என்ன செய்யும் என்பது அங்கேதான் தெரியும்.

அந்த அட்டவணையில் ஒரு வரியைக் கிட்டத்தில் வைத்துப் பார்ப்போம். 'கிரேடு 5, கணிதம், தேர்ச்சி 71 சதவீதம், தேர்வெழுதியோர் 58.' ஐம்பத்தெட்டுப் பேரில் ஒரு பிள்ளையின் எடை 1.7 சதவீதப் புள்ளி. தேறியவர்கள் 41 பேர். அடுத்த ஆண்டு ஐந்து பிள்ளைகள் தடுமாறினால் 71 என்பது 62 ஆகிவிடும். உடனே 'பள்ளி சரிந்துவிட்டது' என்று வாட்ஸ்அப் குழுவில் புலம்பல் கிளம்பும். உண்மையில் அங்கே எதுவும் மாறியிருக்காது. ஓர் எலிமென்டரி பள்ளியின் ஒரு கிரேடை ஒரே ஆண்டு எண்ணால் தீர்மானிக்காதீர்கள். மூன்று ஆண்டுகளை, முடிந்தால் எல்லா கிரேடுகளையும் சேர்த்துப் பாருங்கள். தேர்வெழுதியோர் சதவீதத்தையும் பார்க்க வேண்டும். சட்டம் எதிர்பார்ப்பது 95. அதற்குக் கீழே நன்றாக இறங்கியிருந்தால் எழுதாமல் விட்டவர்கள் யார் என்று தெரியாமல் மீதி எண்ணுக்கு மதிப்பில்லை.

'தேர்ச்சி' என்ற சொல்லிலும் ஒரு பொறி இருக்கிறது. எந்த மதிப்பெண்ணுக்கு மேல் தேர்ச்சி என்பதை ஒவ்வொரு மாநிலமும் தானே வைத்துக்கொள்கிறது. ஒரு மாநிலத்தின் 75 சதவீதமும் இன்னொன்றின் 50 சதவீதமும் ஒரே தரமாக இருக்கலாம். ஒரே மாநிலத்துக்குள்ளும் தேர்வோ அளவோ மாறும். நியூயார்க் 2023-இல் புதிய பாடத்தரத்துக்கு ஏற்பத் தேர்வை மாற்றியதால் அந்த ஆண்டு முடிவை முந்தைய ஆண்டோடு ஒப்பிட முடியாமல் போனது. வரைபடக் கோடு திடீரென்று மேலே தாவினால் முதலில் கேட்க வேண்டியது 'தேர்வு மாறியதா?' என்பதைத்தான். அதற்குப் பிறகும் தாவலுக்குக் காரணம் தெரியவில்லை என்றால், அட்லாண்டாவை நினைத்துக்கொள்ளுங்கள். 2011-இல் வந்த மாநில விசாரணை அறிக்கை, மாணவர்களின் விடைத்தாள்களைத் திருத்திய விவகாரத்தில் 178 ஆசிரியர்கள், நிர்வாகிகளின் பெயரைச் சொன்னது. அதற்கு முன் அந்த டிஸ்ட்ரிக்டை நாடே பாராட்டிக்கொண்டிருந்தது.

மாநில எல்லையைத் தாண்டி ஒப்பிட ஒரே நம்பகமான தேர்வு, கூட்டாட்சி அரசு நாடு முழுக்க நடத்தும் 'நேப்'. நான்காம், எட்டாம் கிரேடுகளில் மாதிரிக்காகத் தேர்ந்தெடுத்த மாணவர்களுக்கு மட்டும், வழக்கமாக இரண்டு ஆண்டுக்கு ஒரு முறை வைப்பது. 2002 முதல் பெருநகர டிஸ்ட்ரிக்டுகளுக்குத் தனி முடிவும் வருகிறது. இப்போது இருபத்தைந்துக்கும் மேற்பட்ட டிஸ்ட்ரிக்டுகள் அதில் உண்டு. நியூயார்க், சிகாகோ, ஹூஸ்டன், மயாமி-டேட், ஷார்லட் எல்லாம் இருக்கின்றன. ஃபேர்ஃபாக்ஸ், மான்ட்கோமரி போன்ற புறநகர் கவுன்ட்டிகள் இல்லை. ஒரு எச்சரிக்கை: நேப் சொல்லும் 'ப்ரொஃபிஷியன்ட்' என்பது 'அந்த வகுப்புக்குரிய நிலை' அல்ல, அதைவிடக் கடினமான உயரம். 'மூன்றில் ஒரு பங்குப் பிள்ளைகளுக்குத்தான் படிக்கத் தெரியும்' என்று தலைப்பு போடுபவர்கள் எல்லோரும் இந்த இடத்தில்தான் வழுக்குகிறார்கள்.

'குறைந்த வருமானம்' என்ற பிரிவும் முன்னைப்போல் திடமானதல்ல. ஏழ்மை அதிகமுள்ள பள்ளிகளில் எல்லாருக்கும் இலவச மதிய உணவு தரும் கூட்டாட்சித் திட்டத்தின் வரம்பு 2023-இல் 40 சதவீதத்திலிருந்து 25 ஆகக் குறைக்கப்பட்டது. பல பள்ளிகளில் இனி யாரும் வருமான விண்ணப்பமே நிரப்புவதில்லை. அதனால் ஒரே ஆண்டில் ஏழைகள் 45-இலிருந்து 100 சதவீதமாக ஏறியதுபோல் தெரிந்தால் ஊர் ஏழையாகிவிடவில்லை, எண்ணும் முறை மாறியிருக்கிறது.

வருகைக் கணக்கைப் பலரும் தாண்டிப் போய்விடுகிறார்கள். பள்ளி நாட்களில் பத்தில் ஒரு பங்கு, அதாவது 180 நாளில் 18 நாளோ அதற்கு மேலோ, வராத பிள்ளைகளின் பங்குதான் 'க்ரானிக் ஆப்சென்டீயிசம்'. நாடு முழுவதும் கொரோனாவுக்கு முன் இது 15 சதவீத அளவில் இருந்தது. 2021-22-இல் 28-ஐ ஒட்டிப் போய், பிறகு மெல்லக் குறைகிறது. உங்கள் டிஸ்ட்ரிக்ட் எந்த வேகத்தில் குறைத்தது என்று பாருங்கள். வகுப்பில் கால்வாசிப் பேர் மாறி மாறி வராமல் இருந்தால் ஆசிரியர் நடத்தியதையே நடத்திக்கொண்டிருப்பார். தினமும் வரும் உங்கள் பிள்ளைக்கும் அதுதான் பாடம்.

ஹை ஸ்கூல் எண்களில் மிக எளிதாக ஊதிப் பெருக்கக்கூடியது பட்டம் பெறும் சதவீதம், அதாவது ஹை ஸ்கூல் முடித்து டிப்ளமோ வாங்குபவர்களின் பங்கு. வாஷிங்டன் டிசியில் 2017-இல் டிப்ளமோ வாங்கியவர்களில் மூன்றில் ஒரு பங்கினர், வராத நாட்கள் அல்லது குறுக்குவழி கிரெடிட் (பாடத்தை முடித்ததற்கான கணக்கு) விதிகளை மீறித் தேர்ச்சி பெற்றவர்கள் என்று அடுத்த ஆண்டு தணிக்கையில் தெரியவந்தது. தவறிய பாடத்தைக் கணினி முன் உட்கார்ந்து சில வாரத்தில் முடிக்கும் 'கிரெடிட் ரெக்கவரி' எத்தனை பேர் எடுக்கிறார்கள் என்று கேளுங்கள். பட்டம் பெறுவோர் 92 சதவீதம், ஆனால் பதினோராம் கிரேடு கணிதத்தில் தேறுவது 25 சதவீதம் என்றால் இரண்டில் ஒன்று பொய் சொல்கிறது. பொய் சொல்வது பெரும்பாலும் முதலாவதுதான். இதைவிட எனக்கு நம்பிக்கை தரும் எண், ஒன்பதாம் கிரேடில் சரியான பாதையில் இருப்பவர்களின் பங்கு. சிகாகோவில் ஆய்வாளர்கள் வைத்த வரையறை எளிமையானது: ஒன்பதாம் கிரேடு முடிவில் ஐந்து முழு ஆண்டுப் பாடங்களுக்கான கிரெடிட், முக்கியப் பாடங்களில் ஒரு செமஸ்டர் எஃப்புக்கு (தோல்விக்கு) மேல் இல்லை. இந்த வரையறைக்குள் இருந்த மாணவர்கள் பட்டம் பெறும் வாய்ப்பு, வெளியே இருந்தவர்களைவிட மூன்று மடங்குக்கும் மேல். இந்த எண்ணை மாதாமாதம் பார்க்கும் டிஸ்ட்ரிக்டில் யாரோ பொறுப்போடு வேலை செய்கிறார்கள் என்று நம்பலாம்.

ஏபி எனும் கல்லூரி நிலை வகுப்பில் சேர்ந்தவர்கள் எத்தனை என்பதை விட்டுவிட்டு, அதன் தேர்வில் ஐந்துக்கு 3 அல்லது அதற்கு மேல் வாங்கியவர்கள் மொத்தப் பன்னிரண்டாம் கிரேடில் எத்தனை பங்கு என்று பாருங்கள். கல்லூரிச் சேர்க்கைக்கான எஸ்ஏடி தேர்வின் சராசரிக்கும் இதே எச்சரிக்கைதான். மிச்சிகன், கொலராடோ போல எல்லா மாணவரையும் எழுத வைக்கும் மாநிலத்தில் சராசரி இயல்பாகவே தாழ்வாக இருக்கும்.

சரி, டிஸ்ட்ரிக்டைப் பற்றி ஒரு படம் கிடைத்துவிட்டது. இப்போது முகவரிக்கு வருவோம், வீடு வாங்குபவர்கள் அதிகம் கோட்டை விடும் இடம் இதுதான். ஒரு முகவரிக்கு ஓர் எலிமென்டரி, ஒரு மிடில், ஒரு ஹை ஸ்கூல் என்று வரிசை உண்டு. ரியல் எஸ்டேட் விளம்பரம் எலிமென்டரியின் 9-ஐ மட்டும் பெரிதாகப் போடும்; அதிலிருந்து பிள்ளைகள் இரண்டு மிடில் ஸ்கூலுக்குப் பிரிந்து போகிறார்கள் என்பதைச் சொல்லாது. டிஸ்ட்ரிக்டின் சொந்த முகவரித் தேடலில் வீட்டு எண்ணோடு போட்டுப் பாருங்கள். ஒரே தெருவின் இரண்டு பக்கமும் வேறு பள்ளியாக இருக்கலாம். வளரும் ஊர்களில் பள்ளி நிரம்பிவிடும் சிக்கலும் உண்டு. வேக் கவுன்ட்டியில் நிரம்பிய பள்ளிக்குச் சேர்க்கை வரம்பு போட்டுவிடுவார்கள்; அதற்குப் பிறகு அந்தப் பகுதிக்குக் குடிவரும் பிள்ளைக்கு வேறொரு பள்ளிதான். எல்லை மறுவரைவும் அப்படியே: ஃபேர்ஃபாக்ஸ் 2024-இல் கவுன்ட்டி முழுக்க எல்லை மறுஆய்வைத் தொடங்கியது. டிஸ்ட்ரிக்டை ஆளும் குழுவான போர்டின் கடந்த ஓராண்டுக் கூட்டக் குறிப்புகளில் உங்கள் ஹை ஸ்கூலின் பெயரைத் தேடினால், மாணவர் எண்ணிக்கை கொள்ளளவின் 110 சதவீதத்தைத் தாண்டியிருக்கிறதா, புதிய பள்ளி எப்போது திறக்கிறது என்பதெல்லாம் கிடைக்கும். மேக்னெட் (ஒரு துறையில் தனிக் கவனம் தரும் அரசுப் பள்ளி), இரட்டைமொழி, திறன்மிகு மாணவர் திட்டங்களை நம்பி வீடு வாங்குவதானால் அதில் எத்தனை இடம், எத்தனை விண்ணப்பம், குலுக்கலா தேர்வா, எந்த மாதம் கடைசித் தேதி, பஸ் உண்டா என்று ஐந்தையும் கேட்டுவிட்டு வாங்குங்கள். குடிவருவதற்கு முன்பே தேதி கடந்திருக்கும் வாய்ப்பு நிறைய.

நம் வீடுகளுக்கே உரிய ஒரு படிவமும் இங்கே வருகிறது. சேர்க்கையின்போது 'வீட்டு மொழி' பற்றி இரண்டு மூன்று கேள்விகள் கேட்பார்கள்: குழந்தை முதலில் பேசிய மொழி, வீட்டில் அதிகம் பேசும் மொழி என்ற மாதிரி. தமிழ் என்று எழுதினால் ஆங்கிலத் திறன் சோதனை நடக்கும். அதற்குப் பயந்து 'ஆங்கிலம்' என்று எழுதுபவர்கள் இருக்கிறார்கள். அது தேவையில்லாத பயம். ஆங்கிலம் வரும் பிள்ளை அந்தச் சோதனையிலேயே வெளியே வந்துவிடும். வராத பிள்ளைக்குக் கிடைக்க வேண்டிய உதவி, பொய் எழுதினால் கிடைக்காமல் போகும். ஆண்டுத் தொடக்கத்தில் சேர்ந்தால் 30 நாளுக்குள் பெற்றோருக்கு முடிவைத் தெரிவிக்க வேண்டும்; தனி வகுப்பு வேண்டாம் என்று மறுக்கவும் உரிமை உண்டு, ஆனால் தேறும்வரை ஆண்டுத் தேர்வு தொடரும். தரம் பார்க்கிறவர் கேட்க வேண்டியது: கிண்டர்கார்ட்டனில் ஆங்கிலம் கற்போர் பட்டியலில் நுழைந்த பிள்ளைகளில் ஐந்தாம் கிரேடுக்குள் வெளியே வந்தவர்கள் எத்தனை சதவீதம்? ஆறு ஆண்டுக்கு மேல் தேங்கி நிற்பவர்கள் அதிகம் என்றால் அங்கே மொழி கற்பித்தல் பெயரளவுக்குத்தான் நடக்கிறது.

குறைபாடு உள்ள பிள்ளைகளுக்கான சிறப்புக் கல்வியில் பலரும் எண்ணைத் தலைகீழாகப் படிக்கிறார்கள். சிறப்புக் கல்வி பெறுவோர் குறைவு என்றால் நல்ல பள்ளி என்று நினைப்பு. டெக்சாஸ் 2004 முதல் 8.5 சதவீதத்தை ஓர் இலக்குபோல் வைத்துக் கண்காணித்தது. உதவி தேவைப்பட்ட பிள்ளைகள் கதவுக்கு வெளியே நின்றார்கள். அது சட்டமீறல் என்று 2018-இல் கூட்டாட்சிக் கல்வித் துறை அறிவித்தது. நாட்டின் சராசரி இப்போது 15 சதவீத அளவு. ஒரு டிஸ்ட்ரிக்ட் 8-இல் நின்றால் அங்கே பிள்ளைகள் நலமாக இருக்கிறார்கள் என்று பொருளில்லை, பரிசோதனை நடக்கவில்லை என்றே சந்தேகிக்க வேண்டும். கூட்டாட்சி விதிப்படி பெற்றோர் சம்மதம் கொடுத்த 60 நாளில், அல்லது மாநிலம் வைத்துள்ள கெடுவுக்குள், மதிப்பீடு முடிய வேண்டும். எத்தனை சதவீதம் கெடுவுக்குள் முடிகிறது என்பதை மாநிலங்கள் டிஸ்ட்ரிக்ட்வாரியாக வெளியிடுகின்றன.

மாநிலத் தேர்வு மூன்றாம் கிரேடில்தான் தொடங்குகிறது. உங்கள் இளைய பிள்ளைக்கு அதற்கு முந்தைய மூன்று ஆண்டுகள்தான் முக்கியம். எழுத்தொலியை வரிசையாகக் கற்பிக்கும் பாடத்திட்டமா, அல்லது படத்தைப் பார்த்துச் சொல்லை ஊகிக்கச் சொல்லும் பழைய முறையா? நியூயார்க் நகரம் 2023-இல் பள்ளிக்குப் பள்ளி வேறாக இருந்த வாசிப்புப் பாடத்திட்டத்தைச் சிலவற்றுக்குள் அடக்கத் தொடங்கியது. பெரிய டிஸ்ட்ரிக்டில் இப்படி ஒரே திட்டம் இருந்தால் வருடத்தின் நடுவில் பள்ளி மாறும் பிள்ளையும் தொலைந்து போகாது. கிண்டர்கார்ட்டனிலிருந்து ஆண்டுக்கு மூன்று முறை வாசிப்புச் சோதனை வைக்கிறார்களா, அதில் பின்தங்கிய பிள்ளைக்கு வாரத்தில் எத்தனை நாள், எத்தனை நிமிடம், யார் உதவுகிறார்கள் என்று கேளுங்கள். 'வாரம் நான்கு நாள், 30 நிமிடம், ஐந்து பேர் குழுவில், பயிற்சி பெற்ற ஆசிரியர்' என்ற மாதிரி பதில் வந்தால் நல்லது. 'ஒவ்வொரு குழந்தையின் தேவையையும் நாங்கள் கவனிக்கிறோம்' என்று வந்தால் அங்கே எதுவும் இல்லை.

கணிதத்தில் ஒரே கேள்வி போதும்: எட்டாம் கிரேடில் ஆல்ஜீப்ரா 1 எடுப்பவர்கள் எத்தனை பேர், எல்லா மிடில் ஸ்கூலிலும் அது இருக்கிறதா? சான் ஃபிரான்சிஸ்கோ 2014-இல் அதை எட்டாம் கிரேடிலிருந்து எடுத்துவிட்டு, பத்தாண்டு சண்டைக்குப் பிறகு, 2024-இல் வாக்காளர்களே கேட்ட நிலையில், திருப்பிக் கொண்டுவர வேண்டியதாயிற்று. டிஸ்ட்ரிக்ட் கொள்கை ஒன்றினால் உங்கள் பிள்ளை ஹை ஸ்கூலில் கால்குலஸ் வரை போகும் வாய்ப்பே கைநழுவலாம்.

ஆசிரியர்கள். ஒரு ஆசிரியருக்கு 15 மாணவர் என்ற விகிதம் வகுப்பில் 15 பேர் என்று பொருள்படாது. சிறப்பு ஆசிரியர்கள், இசை, உடற்பயிற்சி எல்லாம் சேர்ந்த கணக்கு அது. வகுப்பில் 26 பேர் இருக்கலாம். வகுப்பு அளவைத் தனியாகக் கேளுங்கள். அனுபவமற்ற ஆசிரியர்கள், தற்காலிக அனுமதியில் நடத்துபவர்கள், தன் பாடமல்லாததை நடத்துபவர்கள் எத்தனை சதவீதம் என்று ரிப்போர்ட் கார்டில் ஏழைப் பள்ளிகளுக்கும் வசதியான பள்ளிகளுக்கும் தனித்தனியே காட்டச் சட்டம் சொல்கிறது. இந்த இரண்டு எண்ணுக்கும் உள்ள இடைவெளிதான் பெரிய டிஸ்ட்ரிக்டின் நேர்மைக்கு உரைகல். ஒரே சம்பள அட்டவணை இருப்பதால் மூத்த ஆசிரியர்கள் சௌகரியமான பள்ளிகளுக்கு நகர்ந்துவிடுவார்கள், புதியவர்கள் கடினமான பள்ளிகளில் சேர்வார்கள். அதைத் தடுக்க ஊக்கத்தொகையோ வேறு ஏற்பாடோ இல்லாத டிஸ்ட்ரிக்டில் 3-க்கும் 9-க்கும் உள்ள தூரம் குறையவே குறையாது. செப்டம்பர் முதல் வாரம் நிரப்பாத இடங்கள் எத்தனை என்பதும் போர்டு அறிக்கையில் வரும். பள்ளி ஆலோசகர் கணக்கில், அவர்களுடைய சங்கமே பரிந்துரைப்பது 250 மாணவருக்கு ஒருவர்.

பணத்தைச் சுருக்கமாக முடித்துவிடலாம். 2023 நிதியாண்டில் நாட்டின் சராசரி ஒரு மாணவருக்கு 16,500 டாலரை ஒட்டி. மாநிலத்துக்கு மாநிலம் இது இரண்டு மடங்குக்கு மேல் வேறுபடும். சம்பளச் செலவும் அப்படியே. ஆகவே செலவுத் தொகையை ஒப்பிட்டுப் பயனில்லை. பார்க்க வேண்டியது நிலைத்தன்மை. கொரோனா காலத்தில் கூட்டாட்சி அரசு பள்ளிகளுக்கு மொத்தம் 19,000 கோடி டாலர் அளவுக்குக் கொடுத்தது. கடைசித் தவணையை ஒதுக்குவதற்கான கெடு 2024 செப்டம்பரில் முடிந்தது. அந்த ஒருமுறைப் பணத்தில் நிரந்தர வேலைகளைச் சேர்த்த டிஸ்ட்ரிக்டுகள் இப்போது ஆட்குறைப்பில் இருக்கின்றன. ஆண்டு நிதி அறிக்கையில் பொது நிதியின் கையிருப்பு இரண்டு மாதச் செலவுக்குக் காணுமா, மாணவர் எண்ணிக்கை குறைகிறதா, தணிக்கையாளர் 'மெட்டீரியல் வீக்னெஸ்' (கணக்குக் கட்டுப்பாட்டில் பெரிய ஓட்டை) என்று குறித்திருக்கிறாரா: இந்த மூன்றும் போதும். பளபளப்பான திட்டங்களைக் கண்டு மயங்க வேண்டாம். லாஸ் ஏஞ்சலஸ் 2013-இல் எல்லா மாணவருக்கும் ஐபேட் என்று 100 கோடி டாலருக்கும் மேல் மதிப்பிட்டுத் தொடங்கிய திட்டம் அடுத்த ஆண்டே நின்றுபோனது.

நிர்வாகத்தை அளக்க, போர்டின் கடைசி ஆறு கூட்டங்களின் நிகழ்ச்சி நிரலை எடுத்து, மாணவர் கற்றலைப் பற்றி எத்தனை நிமிடம், கட்டடம், ஒப்பந்தம், சண்டை பற்றி எத்தனை நிமிடம் என்று பென்சிலால் குறித்துக்கொள்ளுங்கள். அலுப்பான வேலைதான், ஆனால் வேறெங்கும் கிடைக்காத தகவல். பத்தாண்டில் எத்தனை சூப்பரின்டென்டென்ட் (டிஸ்ட்ரிக்டின் தலைமை நிர்வாகி) மாறினார்கள் என்றும் எண்ணுங்கள். பெரிய டிஸ்ட்ரிக்டில் யார் கையில் அதிகாரம் என்பதே மாறலாம்: நியூயார்க் 2002 முதல் மேயர் கையில், சிகாகோவில் 2024 நவம்பரில்தான் முதல் போர்டு தேர்தல், ஹூஸ்டனை 2023 ஜூனில் மாநிலம் எடுத்துக்கொண்டது. ஆள் மாறினால் பாடத்திட்டமும் மாறும்; மூன்று ஆண்டுக்கு ஒருமுறை திசை திரும்பும் இடத்தில் எந்த ஆசிரியரும் புதிய திட்டத்தை மனதார எடுத்துக்கொள்ள மாட்டார்.

பள்ளிக்கு நேரில் போகக் கிடைத்தால் அக்டோபருக்குப் பிறகு, சாதாரணச் செவ்வாய்க்கிழமை காலையில் போங்கள். எல்லோரையும் அழைத்துக் காட்டும் 'ஓப்பன் ஹவுஸ்' நாளில் எல்லாப் பள்ளியும் அழகுதான். சுவரில் ஒட்டியிருக்கும் மாணவர் எழுத்தைப் படியுங்கள். எல்லாத் தாளும் ஒரே அச்சு, ஒரே வண்ணம், கோடிட்ட இடத்தை நிரப்பியது என்றால் ஒரு கதை. நான்காம் கிரேடு பிள்ளை ஒரு பக்கம் எழுதி, ஆசிரியர் ஓரத்தில் கேள்வி கேட்டு, பிள்ளை அடித்துத் திருத்தி எழுதியிருந்தால் வேறு கதை. தாளில் தேதியைப் பாருங்கள். அப்போதும் ஆகஸ்ட் மாதத் தாள் தொங்கினால் கேட்காமலேயே பதில் கிடைத்துவிட்டது. அதே டிஸ்ட்ரிக்டில் ரேட்டிங் 4 உள்ள ஒரு பள்ளிக்கும் போய்ப் பாருங்கள். இரண்டிலும் இரண்டாம் கிரேடு ஏறத்தாழ ஒரே பாடத்தில், ஒரே புத்தகத்தோடு இருந்தால் மத்திய அலுவலகம் வேலை செய்கிறது.

கையெழுத்துப் போடும் முன், சேர்க்கை அலுவலகத்துக்கு வீட்டின் முழு முகவரியோடு மின்னஞ்சல் அனுப்பி நான்கு கேள்வி கேளுங்கள்: வரும் கல்வியாண்டில் இந்த முகவரிக்கு எந்த மூன்று பள்ளிகள், அவற்றில் எதற்காவது சேர்க்கை வரம்பு உண்டா, எல்லை மாற்றம் எதுவும் பரிசீலனையில் இருக்கிறதா, பஸ் நிறுத்தம் எங்கே. பதிலை எழுத்திலேயே வாங்கிக்கொள்ளுங்கள், தொலைபேசியில் சொல்வதை நம்பிப் பணம் கட்ட வேண்டாம். அந்தப் பதில் இரண்டு நாளில் வந்ததா, நான்கு முறை நினைவூட்டிய பிறகு வந்ததா என்பதையும் குறித்து வைத்துக்கொள்ளுங்கள்.